அவை ஏறிய மாணவர்: உமறுப்புலவர்

சாங்கி வட்டாரத்திலும் தெம்பனிசிலும் வளரும் நம் பிள்ளைகளில் சிலர், தங்கள் பள்ளியில் தமிழ் இல்லாததால் பீட்டி சாலைக்குப் போய்த் தமிழ் படிப்பவர்கள். அந்த நிலையத்துக்குப் பெயர் தந்த உமறுப்புலவர் யார் என்று கேட்டால், சீறாப்புராணம் பாடியவர் என்பார்கள். அதற்கு மேல் தெரிந்தவர் குறைவு. வேலைக்கான நேர்காணல் என்றதும் கலங்குகிற பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வாழ்க்கை அவருடையது.

1642இல் பிறந்த உமறு, எட்டயபுரம் அரசவைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றார். வடநாட்டிலிருந்து வந்த புலவர் ஒருவர் ஆசிரியரை வாதுக்கு அழைத்தார். ஆசிரியர் தயங்க, பதினாறு வயது மாணவர் தாமே அவை ஏறி வென்றார். செவிவழிச் செய்திதான். ஆனாலும் பல ஆண்டுகள் உட்கார்ந்து படித்திராதவர் அப்படி எழுந்து நின்றிருக்க முடியாது. வெறும் துணிச்சல் அவையில் கால் நாழிகைகூடத் தாங்காது.

உண்மையான சோதனை பிறகுதான் வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைத் தமிழில் பாடித்தர வேண்டும் என்று வள்ளல் சீதக்காதி கேட்டுக்கொண்டார். அதற்கான செய்திகளெல்லாம் அரபியில். விளக்கம் கேட்டுக் கீழக்கரைக்குச் சென்றபோது, அரசவைக் கோலத்தில் வந்தவரைப் பார்த்த சதக்கத்துல்லாஹ் அப்பா மறுத்துவிட்டார்கள். பேரும் புகழும் பெற்ற புலவருக்கு இது சிறிய அடியா? மனம் நொந்தார், ஆனால் வேலையைக் கைவிடவில்லை. பிறகு அந்த வாசலே அவருக்குத் திறந்தது.

பாடிக்கொண்டிருக்கும்போதே சீதக்காதி மறைந்தார். ஆதரித்தவர் போனபின் பாதியில் நின்றுபோன நூல்கள் தமிழில் ஏராளம். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயரின் துணையோடு உமறு தொடர்ந்தார். மூன்று காண்டங்கள், 5,027 பாடல்கள். அப்படியும் நாயகத்தின் வாழ்வு முழுவதும் அதில் அடங்கவில்லை. எஞ்சியதைப் பின்னாளில் பனீ அகமது மரைக்காயர் சின்ன சீறாவாகப் பாடினார். 1703இல் மறைந்த உமறு எட்டயபுரத்தில் அடங்கியிருக்கிறார். நூல் அச்சேறியது 1842இல்தான்.

1946இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கிய தமிழ்ப்பள்ளிக்கு அவர் பெயரை வைத்தார்கள். கூலி வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். உயர்நிலை வகுப்புவரை வளர்ந்த அந்தப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. பெயர் மட்டும் இடம் மாறி, இன்று பீட்டி சாலையில் இருக்கிறது.