முதல் கிறிஸ்துமஸ் கேக் சுட்ட மம்பள்ளி பாபு

டிசம்பர் பிறந்துவிட்டால் புதுக்கோட்டைக் கடைவீதியில் ஒரு மணம் வீசும். பேக்கரிகளின் கண்ணாடிப் பெட்டிகளில் கேக்குகள் அடுக்கடுக்காக ஏறிவிடும்.

பழமையான கோவில் உள்ள ஆவூரிலும், மாவட்டத்தின் மற்ற ஊர்களிலும் கிறிஸ்தவ மக்களுக்கு அது திருவருகைக் காலம். கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் கொண்ட காலம். கோவிலில் பாதிரியார் ஊதா உடை அணிவார். வீட்டில் அம்மா அரிசியை ஊறவைத்து இடித்து, அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுவார். அச்சு முறுக்கு எண்ணெயில் பூவாக விரியும்.

அதிரசம் நம் பாட்டிமார் கண்ட பண்டம். அச்சு முறுக்கு செட்டிநாட்டு வீடுகளிலும் உண்டு. கேக் மட்டும் சீமைச் சரக்கு. அதை இந்தியாவில் முதலில் செய்தவர் என்று பெயர் பெற்றவர் யார் தெரியுமா? அவர் வெள்ளைக்காரர் அல்ல. கிறிஸ்தவரும் அல்ல. தலைச்சேரியில் ரொட்டிக் கடை வைத்திருந்த மம்பள்ளி பாபு!

பர்மாவில் கற்ற தொழில்

இன்று தலைச்சேரி கேரள மாநிலத்தில் இருக்கிறது. அந்த நாளில் அது சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்த துறைமுகம். மிளகும் பட்டையும் கப்பல் ஏறும் ஊர். வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்டத் துரைமார்களும் நிறைந்த ஊர்.

பாபு பிழைப்பைத் தேடிப் பர்மாவுக்குப் போனார். புதுக்கோட்டைப் பக்கத்தில் பர்மா என்றால் விளக்கம் தேவையில்லை. இங்குள்ள செட்டிநாட்டு ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் வட்டிக் கடைக்கும் கணக்கு வேலைக்கும் அங்கே போனவர்கள்தானே! பலர் பணத்தோடு திரும்பினார்கள். பாபு ஒரு தொழிலோடு திரும்பினார். அங்கே ஒரு பிஸ்கோத்துத் தொழிற்சாலையில் ரொட்டியும் பிஸ்கோத்தும் சுடக் கற்றிருந்தார்.

1880-ம் ஆண்டு தலைச்சேரியில் ராயல் பிஸ்கோத்துத் தொழிற்சாலையைத் தொடங்கினார். மைதா ரொட்டியை நம்மவர்கள் ஐயத்தோடு பார்த்த காலம் அது. காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும் பத்திய உணவாகத்தான் பல வீடுகளில் ரொட்டி நுழைந்தது. மாவு பொங்குவதற்குக் கள்ளை ஊற்றிப் புளிக்க வைப்பது மேற்குக் கடற்கரை ரொட்டிக்காரர்களின் வழக்கம்.

துரை கொண்டுவந்த கேக்

1883 நவம்பர் மாதம். முர்டாக் பிரவுன் என்ற துரை பாபுவின் கடைக்கு வந்தார். தலைச்சேரிக்கு அருகே அஞ்சரக்கண்டியில் பெரிய பட்டைத் தோட்டம் அவருடையது. சீமையிலிருந்து திரும்பும்போது ஒரு பிளம் கேக் கொண்டுவந்திருந்தார். அதைப் பாபுவிடம் காட்டி, இதைப்போல ஒன்று கிறிஸ்துமஸுக்குச் செய்ய முடியுமா என்று கேட்டார்.

நவம்பரிலேயே ஏன் வந்தார்? இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் பலகார வேலை அப்போதே தொடங்கிவிடும். திருவருகைக் காலம் பிறப்பதற்கு முந்திய ஞாயிறன்று குடும்பத்தார் எல்லாரும் கூடி மாவைக் கிளறுவது அங்கே வழக்கம். பழங்கள் சாராயத்தில் நன்றாக ஊற வேண்டும். கேக்கும் சில வாரங்கள் இருந்தால்தான் ருசி ஏறும். (பிளம் கேக்கில் பிளம் பழத்தைத் தேடாதீர்கள். பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சைக்கும் அந்தப் பெயர் உண்டு.)

பாபு அதுவரை கேக் செய்ததில்லை. கடைக்கு வயது மூன்று. வந்து நிற்பவர் ஊரறிந்த துரை. கேக் கெட்டால் மாவும் முட்டையும் மட்டுமா போகும்? வெள்ளைக்காரர் வட்டாரத்தில் கடையின் பெயரும் போய்விடும். முடியாது என்று சொல்லிவிட்டால் நஷ்டமில்லை. பாபு ஒப்புக்கொண்டார்.

துரை செய்முறையைச் சொன்னார். கோக்கோ, உலர்ந்த திராட்சை, பேரீச்சம்பழம் ஆகியவற்றையும் கொடுத்தார். மாவில் சேர்ப்பதற்குப் பிராந்தியை மாகியிலிருந்து வாங்கிக்கொள்ளும்படி யோசனை சொன்னார். மாகி தலைச்சேரிக்குத் தெற்கே சில மைல் தூரத்தில் இருக்கிறது. அப்போது அது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது.

இனி நடந்ததை அந்தக் குடும்பத்தார் இப்படிச் சொல்கிறார்கள். கேக் வார்க்கும் அச்சைத் தர்மடத்துக் கொல்லர் ஒருவரிடம் சொல்லிச் செய்தார் பாபு. மலபார் மண்ணில் விளைந்த வாசனைச் சரக்குகளைச் சேகரித்தார். பிராந்தி வாங்க மாகிக்குப் போகவில்லை. முந்திரிப் பழத்தையும் கதலி வாழைப்பழத்தையும் கொண்டு உள்ளூரில் இறக்கிய மதுவையே மாவில் ஊற்றினார்.

விறகு அடுப்பில் கேக் சுடுவது எளிதல்ல. ரொட்டிக்குக் கடும் சூடு வேண்டும். அதே சூட்டில் கேக்கை வைத்தால் மேலே கருகி உள்ளே மாவாக நிற்கும். நெருப்பை வாரி வெளியே தள்ளி, சூடு தணிந்த பிறகே உள்ளே வைக்க வேண்டும். அளந்து பார்க்கக் கருவி கிடையாது. கைப்பக்குவம்தான்.

கிறிஸ்துமஸுக்குச் சில நாட்களுக்கு முன் கேக் துரை கைக்குப் போயிற்று. தின்று பார்த்தார். பிடித்துவிட்டது! இன்னும் ஒரு டஜன் வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

ஆதாரம் உண்டா?

இதற்குக் காகித ஆதாரம் கிடையாது. வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்த செய்தி. அதற்கு முன் எந்தப் பங்களாவிலும் எந்தச் சமையற்காரரும் துரைசானிக்குக் கேக் சுட்டுக் கொடுத்ததில்லை என்று யார் அடித்துச் சொல்ல முடியும்? ஆகவே முதல் கேக் என்பதை நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் கதை பொய் என்றும் தோன்றவில்லை. பெருமைக்காகக் கட்டிய கதையானால், பிரெஞ்சுப் பிராந்தியை ஊற்றியதாகச் சொல்லியிருப்பார்கள். முந்திரிப் பழச் சாராயத்தை எவர் கற்பனை செய்வார்?

மம்பள்ளி குடும்பத்தில் மருமக்கள் தாயம் வழக்கம். அதன்படி தொழில் பாபுவின் மருமகன் கைக்கு வந்தது. அவருடைய பிள்ளைகளும் உறவினர்களும் கோழிக்கோடு, கோட்டயம், திருவனந்தபுரம் என்று பல ஊர்களில் கடை வைத்தார்கள். அங்கே வேலை கற்றவர்கள் தனியே பிரிந்து மேலும் பல ஊர்களுக்குப் போனார்கள். பல கடைகளுக்கு வேறு வேறு பெயர். விசாரித்தால் மம்பள்ளியில் போய் முடியும்.

பாபுவைப்போல வேறு மதத்தவர் கிறிஸ்துமஸ் கேக்கில் பெயர் எடுத்தது இன்னோர் ஊரிலும் உண்டு. கல்கத்தாவில் 1902-ல் தொடங்கிய நஹூம் கடை யூதருடையது.

புதுக்கோட்டைக் கடைக்குக் கேக் எந்த வழியாக வந்ததோ! நம் வீடுகளில் சாராயத்துக்குப் பதிலாக ஆரஞ்சுச் சாற்றில் பழங்களை ஊறவைப்பவர்கள் உண்டு. மாகிப் பிராந்தியை விட்டு உள்ளூர் மதுவை ஊற்றிய பாபு அதைக் குறை சொல்லமாட்டார்.

தலைச்சேரியில் மம்பள்ளி பெயர் தாங்கிய கடை இன்றும் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் தங்களுக்கு மூன்று பெருமைகள் என்பார்கள்: கிரிக்கெட், சர்க்கஸ், கேக்.