மண்ணுக்குள் ஓர் உலகம்

ஒரு பிடி மண்ணைக் கையில் எடுத்தால் நமக்குத் தெரிவது துகள்களும் வேர்த்துணுக்குகளும்தாம். ஆனால், அந்த மண்ணுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவை செடிகளின் வேர்களுக்கு உணவு ஆக்கித் தருகின்றன. இவ்வுண்மையை உலகுக்கு விளக்கியவர்களுள் முதன்மையானவர் செர்கே வினோகிராட்ஸ்கி.

வினோகிராட்ஸ்கி 1856ஆம் ஆண்டு கீவ் நகரில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். இளமையில் எந்தத் துறையிலும் அவர் மனம் நிலைக்கவில்லை. சட்டம் பயிலத் தொடங்கினார். விரைவில் அதனைக் கைவிட்டார். பின்னர், செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரியில் பியானோ கற்றார். அதிலும் மனநிறைவு கிடைக்கவில்லை. இறுதியில் 1877ஆம் ஆண்டு அந்நகரின் பல்கலைக்கழகத்தில் அறிவியல் கற்கச் சேர்ந்தார். தாம் தேடிய துறை அதுவே என உணர்ந்தார்.

பின்னர், ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கந்தகம் நிறைந்த நீரில் வாழும் பாக்டீரியாக்களை ஆராய்ந்தார். 1887ஆம் ஆண்டு வியப்பான முடிவு ஒன்றை வெளியிட்டார். அந்த நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவிலிருந்து தமக்கு வேண்டிய ஆற்றலைப் பெறுகின்றன என்பதே அம்முடிவாகும்.

அடுத்து, அவர் சூரிக் நகரில் கடினமான ஒரு புதிரைக் கையில் எடுத்தார். மண்ணிலுள்ள அம்மோனியா, நைட்ரேட்டாக மாறுகிறது. அதனைச் செடியின் வேர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. இம்மாற்றத்தைச் செய்வது நுண்ணுயிர் என்பதை அறிஞர்கள் அறிந்திருந்தனர். எனினும், அதனைத் தனியே பிரித்தெடுக்க இயலாமல் தவித்தனர். இறைச்சிச்சாறு போன்ற சத்துமிக்க உணவில் மற்ற நுண்ணுயிர்களே பெருகின. வினோகிராட்ஸ்கி மாற்றிச் சிந்தித்தார். அம்மோனியாவும் தாது உப்புகளும் மட்டும் கலந்த நீரை உணவாகக் கொடுத்தார். மற்ற நுண்ணுயிர்கள் அதில் பெருக முடியவில்லை. தேடிய நுண்ணுயிரோ வளர்ந்தது! பின்னர், சிலிக்காக் கூழைத் தட்டில் பரப்பி, அதன்மீதும் அவற்றை வளர்த்தார். அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுவது ஒரு வகை, நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுவது வேறு வகை என்பதும் தெளிவாயிற்று.

பிறகு, அவர் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். காற்றிலுள்ள நைட்ரஜனைத் தனித்து நின்றே நிலைநிறுத்தும் மண் பாக்டீரியா ஒன்றையும் அங்குக் கண்டறிந்தார். அதற்கு லூயி பாஸ்டரின் பெயரைச் சூட்டினார்.

1905ஆம் ஆண்டுவாக்கில் உடல்நலக் குறைவால் ஆய்விலிருந்து விலகி, தம் பண்ணையில் வாழ்ந்தார். ஆனால், 1917ஆம் ஆண்டின் புரட்சியும் அதனைத் தொடர்ந்த போரும் அவரது வாழ்வைப் புரட்டிப்போட்டன. உடைமைகளை இழந்து, தாயகத்தை விட்டு வெளியேறினார். பெல்கிரேட் நகரில் ஆசிரியராகப் பணியாற்றினார்.

1922ஆம் ஆண்டு பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் தலைவர் எமீல் ரூ அவரை அழைத்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ 66 வயது. ஓய்வெடுக்கும் வயதில் அவர் பாரிஸ் அருகேயுள்ள பிரி கோம்த் ரோபேர் என்னும் ஊரில் மீண்டும் ஆய்வைத் தொடங்கினார். ஆய்வுக்கூடத்தில் ஊட்டி வளர்த்த நுண்ணுயிர்களை மட்டும் பார்ப்பது போதாது. அவை வாழும் மண்ணிலேயே அவற்றை ஆராய வேண்டும் என வலியுறுத்தினார். அவரைத் தேடிச் சென்ற அறிஞர்களுள் ஒருவரான செல்மன் வேக்ஸ்மன், பின்னாளில் அவரது வரலாற்றை நூலாக எழுதினார்.

மண் நுண்ணுயிரியல் பற்றிய தம் ஆய்வுகளைத் தொகுத்து 1949ஆம் ஆண்டு பெருநூலாக வெளியிட்டார். 1953ஆம் ஆண்டு தமது 96ஆம் வயதில் மறைந்தார்.

இன்றும் மாணவர்கள் கண்ணாடிக் குழாயில் குளத்துச் சேறு, காகிதத் துண்டுகள், முட்டையின் மஞ்சள்கரு, நீர் ஆகியவற்றை இட்டு வெளிச்சத்தில் வைக்கின்றனர். சில வாரங்களில் பச்சை, ஊதா, கருமை எனப் பல நிறப் பட்டைகள் தோன்றுகின்றன. அதற்கு ‘வினோகிராட்ஸ்கி தூண்’ என்று பெயர். வீடும் நாடும் இழந்த பிறகும் தேடலைக் கைவிடாத ஒருவரின் பெயரை அச்சேறு இன்னும் தாங்கி நிற்கிறது.