வாய்விட்டுச் சிரிக்காத ஜனாதிபதி

அமெரிக்காவின் ஒரு டாலர் நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் ஒரு பெரியவரின் படம் இருக்கும். உதடுகளை இறுக மூடிக்கொண்டிருப்பார். அவர்தான் ஜார்ஜ் வாஷிங்டன். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி.

அவரைக் கோபக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இறுக்கத்துக்குக் காரணம், பல்!

பட்டாளத்தில் பல்வலி

வாஷிங்டன் 1732-ம் ஆண்டு வர்ஜீனியாவில் பிறந்தார். 11 வயதில் தந்தையை இழந்தார். நிலம் அளக்கும் வேலை பார்த்தார். பிறகு பட்டாளத்தில் சேர்ந்தார். 24-வது வயதிலேயே ஒரு பல்லைப் பிடுங்க வேண்டி வந்தது. அதன் பிறகு ஒவ்வொன்றாகப் போயின.

1775-ல் விடுதலைப் படையின் தளபதியானார். ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடினார். போர்க்களத்திலும் பல் தொல்லை விடவில்லை. பல் சுத்தம் செய்யும் கருவி கேட்டு அவர் எழுதிய கடிதம் ஒன்று, 1781-ல் எதிரிகள் கையில் சிக்கியது!

மிஞ்சியது ஒன்றே!

1789 ஏப்ரல் 30-ந் தேதி நியூயார்க்கில் அவர் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். மக்கள் ஆரவாரம் செய்தார்கள். அன்று அவர் வாயில் இருந்தது ஒரே ஒரு சொந்தப் பல். கீழ்வரிசையில், இடப்பக்கம்.

ஜான் கிரீன்வுட் என்ற பல் வைத்தியர் அவருக்குப் பொய்ப்பல் செட் செய்து கொடுத்தார். அது மரப்பல் என்று ஒரு கதை உண்டு. உண்மை அல்ல. நீர்யானைத் தந்தத்தில் செதுக்கியது. மிஞ்சிய பல் நுழைவதற்கு அதில் ஒரு துளையும் விட்டிருந்தார்!

மேல் செட்டும் கீழ் செட்டும் ஸ்பிரிங்கால் இணைக்கப்பட்டிருந்தன. ஸ்பிரிங் வாயைத் திறக்கப் பார்க்கும். இவர் தாடையை இறுக்கி மூட வேண்டும். உதடு புடைத்துக் கொண்டு நின்றது. டாலர் நோட்டில் உள்ள படத்துக்கு மூலமான ஓவியம், 1796-ல் வரையப்பட்டது. அதே ஆண்டில்தான் அந்தக் கடைசிப் பல்லும் போயிற்று.

அடிமைகளின் பற்கள்

வேதனையான செய்தி ஒன்றும் உண்டு. அவருடைய பொய்ப்பல் செட்டுகளில் மனிதப் பற்களும் இருந்தன. 1784-ம் ஆண்டு அவரது பண்ணைக் கணக்கில், கறுப்பின அடிமைகளிடமிருந்து 9 பற்கள் விலைக்கு வாங்கிய செலவு எழுதப்பட்டிருக்கிறது. மறுத்துச் சொல்ல அடிமைக்கு ஏது உரிமை? அந்தப் பற்களைக் கொடுத்தவர்களின் பெயர்கூட அதில் இல்லை.

1799 டிசம்பர் 14-ந் தேதி, 67-வது வயதில் வாஷிங்டன் காலமானார்.

எலும்பில் ஊன்றிய பல்

வாஷிங்டனின் செட், ஈறின் மேல் உட்கார்ந்திருந்தது. அதனால்தான் ஆடியது. பல்லை எலும்பிலேயே உறுதியாக ஊன்றும் இன்றைய வழி, அவர் மறைந்து 150 ஆண்டுகளுக்குப் பிறகே பிறந்தது.

சுவீடன் நாட்டு டாக்டர் பிரோனமார்க், டைட்டானியம் என்ற உலோகம் எலும்போடு ஒட்டி வளர்வதை 1952-ல் முயலின் காலில் கண்டார். 1965-ல் ஒரு மனிதரின் கீழ்த்தாடையில் டைட்டானியத் திருகுகளை ஊன்றி, அவற்றின்மேல் பல் பொருத்தினார். அவை அந்த மனிதர் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன!

கீழ்த்தாடையின் முன்பக்க எலும்பு கெட்டியானது. ஆகவே அங்கே ஊன்றும் பல் நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஒன்று. உலோகம் சொத்தையாகாது, சுற்றியுள்ள ஈறு கெடும். ஈறு கெட்டால் எலும்பு கரையும், பல் ஆடும். தினமும் துலக்க வேண்டும். புகை பிடிக்கக் கூடாது.

நாட்டுக்கே தலைவராக இருந்தவருக்குக் கிடைக்காத பல், இன்று சாதாரண மனிதருக்கும் கிடைக்கிறது. அதைக் காப்பது அவரவர் கையில்!