விண்மீனின் எல்லை கண்டவர்

சனவரி முதல் ஏப்பிரல் வரையிலான மாதங்களில், மேகம் இல்லாத முன்னிரவில் ஈப்போவிலிருந்து வானத்தைப் பார்த்தால், மற்ற எல்லா விண்மீன்களையும்விடப் பளிச்சென்று ஒன்று மின்னும். நகர விளக்குகள் எட்டாத பழைய இரப்பர்த் தோட்டப் பகுதிகளில் அது இன்னும் தெளிவாகத் தெரியும். அதன் பெயர் சிரியஸ். அதற்குத் துணையாக மற்றொரு விண்மீன் உண்டு. அது வெறும் கண்ணுக்குத் தெரியாது. பூமியின் அளவே உள்ள அச்சிறு விண்மீனுக்குள், ஏறக்குறையச் சூரியன் முழுவதிலும் உள்ள அளவு பொருள் அடைபட்டிருக்கிறது. அதிலிருந்து ஒரு தேக்கரண்டி எடுத்தால் பல டன் எடை இருக்கும். இவ்வாறு எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனை வெண்குறுமீன் என்பர். எல்லா விண்மீன்களும் இப்படித்தான் முடிவடைகின்றனவா? இக்கேள்விக்குக் கணக்கின்வழி விடை கண்டவர் ஒரு தமிழ் இளைஞர். அவர்தாம் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வே கணக்குத் துறையில் உயர் அதிகாரி. தாயார் சீதாலட்சுமி, இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்தவர். 1930ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற சர் சி.வி. இராமன் இவருடைய சித்தப்பா. குடும்பம் சென்னையில் குடியேறிய பின், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப்பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் சந்திரசேகர் பயின்றார்.

1928ஆம் ஆண்டில் ஜெர்மானிய இயற்பியலறிஞர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய நூலைத் தாமே படித்து முடித்திருந்த சந்திரசேகர், அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று சந்தித்தார். அந்நூலில் உள்ள இயற்பியல் அதற்குள் பெரிதும் மாறிவிட்டது என்று அறிஞர் கூறியதும் இளைஞர் திகைத்துப் போனார். சோமர்ஃபெல்ட் அவரை அனுப்பிவிடவில்லை. புதிய கருத்துகளைப் பொறுமையாக விளக்கினார். இன்னும் வெளிவராத தம் கட்டுரையின் அச்சுப்படியையும் கொடுத்தார். அதை ஆழ்ந்து கற்ற சந்திரசேகரின் ஆய்வுக் கட்டுரை, மறு ஆண்டே இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளிவந்தது.

1930ஆம் ஆண்டு, அரசாங்க உபகாரச் சம்பளம் பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அப்பொழுது தாயார் நோயுற்றிருந்தார். ஆயினும், மகன் செல்ல வேண்டும் என்பதே அவர் விருப்பம். மறு ஆண்டில் தாயார் காலமானபோது மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார்.

அந்தக் கடற்பயணத்தின்போதுதான் பத்தொன்பது வயது சந்திரசேகர் வெண்குறுமீன்களைப் பற்றிய கணக்கைத் தொடங்கினார். ஈர்ப்பு விசை விண்மீனை உள்நோக்கி இழுக்கிறது. உள்ளிருக்கும் வெப்பத்தின் அழுத்தம் அதை வெளியே தள்ளுகிறது. எரிபொருள் தீர்ந்ததும் விண்மீன் சுருங்குகிறது. நெருக்குண்ட எலக்ட்ரான்களின் எதிர்ப்பே அதன்பின் அதைத் தாங்குகிறது. ஒரு பாலம் தாங்கும் எடைக்கு வரம்பு இருப்பதுபோல இதற்கும் வரம்பு உண்டு. சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேற்பட்ட பொருண்மையுடன் எஞ்சும் விண்மீன் வெண்குறுமீனாக நிலைக்க முடியாது. அது மேலும் நொறுங்கும். இன்று இதனைச் ‘சந்திரசேகர் எல்லை’ என்கிறோம்.

1935ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவை விளக்கினார். அவரை அடுத்துப் பேசியவர் அக்காலத்தின் தலைசிறந்த வானியலறிஞர் எடிங்டன். விண்மீன் அவ்வாறு நொறுங்குவது பொருளற்றது என்று அவர் எள்ளி நகையாடினார். அவை சிரித்தது. சந்திரசேகரின் கணக்குச் சரியென்று தனிமையில் ஒப்புக்கொண்ட அறிஞர்கள்கூட வெளிப்படையாகப் பேச முன்வரவில்லை. இருபத்து நான்கு வயது இளைஞருக்கு அது பேரிடி.

ஆனால், அவர் ஆய்வைக் கைவிடவில்லை. எடிங்டன்மீது பகை பாராட்டவுமில்லை. 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். தம் கருத்துகளைத் தொகுத்து 1939இல் நூலாக வெளியிட்டார். அதன்பின், ஒரு துறையை ஆழ ஆராய்வது, அதை நூலாக எழுதுவது, பிறகு புதிய துறைக்குச் செல்வது என்பதே அவர் வழக்கமாயிற்று. 1982ஆம் ஆண்டு எடிங்டனின் நூற்றாண்டையொட்டிக் கேம்பிரிட்ஜில் சொற்பொழிவாற்றியபோது, அவருடைய பணியை உயர்வாகப் போற்றினார்.

தமக்குச் சோமர்ஃபெல்ட் செய்ததைச் சந்திரசேகர் தம் மாணவர்களுக்குச் செய்தார். அவர் பணியாற்றிய யெர்க்ஸ் வானாய்வகத்திலிருந்து சிகாகோ ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து தஞ்சோங் மாலிம் செல்லும் தூரம் எனலாம். 1940களில் அவர் அவ்வளவு தொலைவு காரோட்டிச் சென்று நடத்திய வகுப்பு ஒன்றில் இருவர்தாம் இருந்தனர் என்பர். லீ, யாங் என்னும் அவ்விருவரும் 1957ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர்.

ஆசிரியருக்கு அப்பரிசு 1983ஆம் ஆண்டில்தான் கிடைத்தது. இதற்கிடையே நியூட்ரான் விண்மீன்களும் கருந்துளைகளும் உண்மையில் இருப்பதற்கான சான்றுகள் வந்துவிட்டன. அன்று அவை சிரித்த கருத்து பாடநூல்களில் இடம்பெற்றுவிட்டது.

முதுமையிலும் அவர் விளக்குவதை நிறுத்தவில்லை. நியூட்டனின் கடினமான நூலைப் பொது வாசகர்களுக்கு விளக்கி அவர் எழுதிய நூல் 1995ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் சிகாகோவில் காலமானார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் விண்ணில் செலுத்தப்பட்ட எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்கு ‘சந்திரா’ என்று அவர் பெயரையே சூட்டினர். நொறுங்கிய விண்மீன்களையும் கருந்துளைகளைச் சுற்றிக் கொதிக்கும் வாயுக்களையும் அது ஆராய்ந்து வருகிறது.