அந்நியராய் இருந்ததை மறவாத பெண்மணி



மருதமுனை தொடங்கி, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது எனக் காரைதீவு வரை கடலோரமாய் நீளும் ஊர்களில் வாழ்வோருக்கு, இழப்பு என்பது ஏட்டில் படித்த சொல் அன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கியபோது, இலங்கையில் மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீட்டில் இருப்பவர் எம்மதத்தவர் என்று கேட்டுவிட்டு அலை உள்ளே வரவில்லை. அதற்கு முன்னரோ, மனிதரின் கைகளாலேயே எத்தனையோ உயிர்களை இக்கரை இழந்திருந்தது.

அனைத்தையும் இழந்தவர் மீண்டும் வாழ்வது எவ்வாறு? நெஞ்சில் தங்கிவிட்ட துயரத்தை என்ன செய்வது? இவ்வினாக்களுக்குத் தமது வாழ்வையே விடையாகத் தந்தவர், இலங்கையைத் தம் வீடாக்கிக்கொண்ட யூதப் பெண்மணியான கவிஞர் ஆன் ரணசிங்க. அவரது வாழ்வை இவ்வாரம் சிந்திப்போம்.

1925ஆம் ஆண்டு ஜெர்மனியின் எசன் நகரில், பெற்றோருக்கு ஒரே பிள்ளையாய்ப் பிறந்தவர் அவர். இயற்பெயர் அனலீஸ் கட்ஸ். 1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு, ஜெர்மனி முழுவதும் யூதரின் தொழுகைக்கூடங்களும் கடைகளும் நாத்சிகளால் தாக்கப்பட்டன. தம் நகரின் பெரிய தொழுகைக்கூடம் தீக்கிரையானதைப் பதின்மூன்று வயதுச் சிறுமி தன் கண்களால் கண்டாள். அண்டை வீட்டார் ஒரே இரவில் அந்நியராக மாறக்கூடும் என்பதை அந்த இளம் வயதிலேயே அவள் அறிய நேர்ந்தது.

1939 சனவரியில் பெற்றோர் அவளை இங்கிலாந்திலிருந்த உறவினரிடம் அனுப்பிவைத்தனர். பெற்ற மகளின் உயிரைக் காப்பதற்காக, அவளைத் தம்மைவிட்டுப் பிரித்து அனுப்பும் தாயின் உள்ளத்தை, வாசிக்கும் தாய்மாரே, நீங்கள் உணர்வீர்கள். அதே ஆண்டு செப்டெம்பரில் போர் மூண்டது. பெற்றோர் 1941இல் போலந்தின் லோட்ஸ் நகருக்கு நாடுகடத்தப்பட்டு, 1944இல் செல்ம்னோ என்னும் கொலைக்களத்தில் மாண்டனர். மகளோ போர் முடிந்த பின்னரே அவர்களின் முடிவை அறிந்தார். மலர் வைத்து அழுவதற்கு ஒரு கல்லறையும் அவருக்கு இல்லை. கடல் கொண்டுபோன தம் பிள்ளைகளின் உடலையும் காணாத நம் பெற்றோருக்கு அந்த வேதனை புதிதன்று.

எனினும் அவர் வாழத் தொடங்கினார். புதிய மொழியைக் கற்றார். தாதியாகப் பயிற்சி பெற்றுப் பிறரின் காயங்களுக்கு மருந்திட்டார். இங்கிலாந்தில் மேற்படிப்புக்காக வந்திருந்த இலங்கை மருத்துவர் ரணசிங்கவை 1949இல் மணந்தார்; 1952இல் இலங்கைக்கு வந்தார். கணவரின் முதல் திருமணத்துப் பிள்ளைகள் மூவர், தாம் பெற்ற பிள்ளைகள் நால்வர் என எழுவருக்கும் தாயானார். பிறந்த நாட்டை விட்டு, கணவரின் மக்களையே தம் மக்களாக ஏற்ற ரூத்தை இங்கு நாம் நினைவுகூரலாம். ஆயினும், ஆன் தமது யூத அடையாளத்தை ஒருபோதும் மறைத்தவர் அல்லர்.

நாற்பது வயதைக் கடந்த பின்னரே அவரது கவிதைகள் வெளிவரலாயின. முதல் தொகுதி 1971இல் வெளியாயிற்று. தாய்மொழியான ஜெர்மனில் அன்றி, அடைக்கலம் தந்த நாட்டில் கற்ற ஆங்கிலத்திலேயே அவர் எழுதினார். 1975 முதல் பல ஆண்டுகள் சர்வதேச மன்னிப்புச் சபையின் தெற்காசிய வெளியீட்டுப் பணியிலும் உழைத்தார்.

பின்னர் வந்தது 1983 ஜூலை. கொழும்பில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. பதின்மூன்று வயதில் கண்ட நெருப்பை, ஐம்பத்தேழு வயதில் மீண்டும் கண்டார். துன்புற்றோர் தம் இனத்தவர் அல்லர் என்று அவர் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. எசனில் எரிந்த இரவையும் கொழும்பில் எரிந்த பகலையும் ஒன்றாய் நிறுத்திக் கவிதை எழுதினார். தம் பெற்றோருக்காக அழுத அதே கண்கள் தமிழருக்காகவும் கலங்கின. 2016 டிசம்பரில், தமது 91ஆம் வயதில், கொழும்பில் அவர் காலமானார்.

அன்பர்களே, எகிப்தில் அடிமைகளாய் வாடிய இஸ்ரயேல் மக்களிடம் ஆண்டவர் கேட்டது என்ன? தாங்களும் அந்நியராய் வாழ்ந்ததை நினைவில் வைத்து, தங்களிடையே வாழும் அந்நியரை ஒடுக்காதிருக்க வேண்டும் என்பதே. துயரத்தின் நினைவு பழிவாங்குவதற்காக அன்று, இரங்குவதற்காகவே என விடுதலைப் பயண நூல் நமக்குக் கற்பிக்கிறது. அந்தத் திருச்சட்டத்திற்கு இப்பெண்மணியின் வாழ்வு ஒரு விளக்கவுரை எனலாம்.

நம் நினைவு எத்தகையது? 1990 ஆகஸ்டு 3ஆம் நாள் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம் சகோதரர் கொல்லப்பட்டனர். அதே மாதம் 12ஆம் நாள், சம்மாந்துறையை அடுத்த வீரமுனைக் கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழ்ச் சகோதரர் கொல்லப்பட்டனர். இவ்விரண்டில் ஒன்றை மட்டும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி, மற்றதை மறைத்துவிடுகிறோமா? அப்படியானால் நம் கண்ணீரில் பாதி இன்னும் சிந்தப்படவில்லை.

இவ்வாரம் அடுத்த தெருவில் வாழும் பிற மதத்தவர் ஒருவரின் இல்லத்திற்குச் செல்லுங்கள். உங்கள் துயரத்தைச் சொல்லுமுன், அவர்களின் துயரத்தைக் கேளுங்கள். காயமுற்றுக் கிடந்தவர் யார் எவர் என்று விசாரியாமல் அருகில் சென்ற நல்ல சமாரியர் நமக்கு வழி காட்டுவாராக.

செபிப்போம்: இரக்கத்தின் ஆண்டவரே, எங்கள் காயங்கள் எங்கள் உள்ளத்தைக் கல்லாக்காதிருக்கச் செய்தருளும். எங்களுக்கு நேர்ந்ததை மறவாமலும், பிறருக்கு நேர்ந்ததை மறுக்காமலும் வாழும் வரத்தை எங்கள் குடும்பங்களுக்குத் தந்தருளும். ஆமென்.