வெளிற்றும் நீரும் பேர்த்தொலேயும் (1748 - 1822)

மாணவர்களே, வெள்ளைத் துணிக்கு ஊற்றும் வெளிற்றும் திரவத்தையும், நீச்சல் தடாகத்துக்கென விற்கப்படும் குளோரீன் திரவத்தையும் வெவ்வேறு பொருள்கள் என்றே பலர் எண்ணுகின்றனர. இரண்டிலும் தொழிற்படுவது சோடியம் ஐப்போகுளோரைற்று என்னும் ஒரே சேர்வைதான். இவ்வகைத் திரவத்தை முதலில் உலகுக்குத் தந்தவர் குளோட் லூயி பேர்த்தொலே.

இவர் 1748 இல் சவோய்ப் பிரதேசத்தில் பிறந்தார். தூரின் நகரில் மருத்துவம் கற்று, 1772 இல் பரிஸ் சென்றார். மருத்துவத்தை விட இரசாயனவியலே இவரை ஈர்த்தது. 1784 இல் கொபெலன் அரச நெசவாலையின் சாயமிடும் பிரிவுக்குப் பொறுப்பாளரானார்.

அக்காலத்தில் துணியை வெளுப்பது பெரும் பாடு. காரநீரில் அவித்து, புளித்த மோரில் ஊறவைத்து, புல்வெளியில் விரித்துக் காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் நிலம் முடங்கும். சுவீடனைச் சேர்ந்த ஷீலே 1774 இல் பெற்ற குளோரீன் வாயுவுக்கு நிறத்தை நீக்கும் இயல்பு இருந்தது. அதைக் கொண்டு துணி வெளுக்கலாம் எனப் பேர்த்தொலே 1785 இல் காட்டினார். ஆக்கவுரிமை கோரிப் பணம் சேர்க்காமல் எல்லோரும் அறிய வெளியிட்டார். பரிசுக்கு வந்து இதைப் பார்த்த ஜேம்ஸ் வாற்று இம்முறையை ஸ்கொத்லாந்துக்குக் கொண்டுசென்றார்.

வாயு தொழிலாளரின் மூச்சை அடைத்தது. எனவே அதைப் பொற்றாசுக் கரைசலில் உறிஞ்சச் செய்தனர். பரிசுக்கு அருகே ஷவெல் என்னும் இடத்தில் உற்பத்தியானதால் அது ஷவெல் நீர் எனப்பட்டது. 1820களில் லபராக் என்பவர் சோடாவிலிருந்து பெற்ற கரைசலைத் தொற்றுநீக்கியாகப் பரப்பினார்.

ஓரிடத்தில் பேர்த்தொலே தவறினார். குளோரீனில் ஒட்சிசன் உண்டென நம்பினார். அது மூலகமே என 1810 இல் கூறியவர் டேவி. ஷீலே, பேர்த்தொலே, டேவி ஆகிய மூவரையும் மாற்றி எழுதிப் புள்ளியை இழக்காதீர்கள்.

இவரது ஆய்வுகளில் துயரமும் உண்டு. இவர் கண்டறிந்த பொற்றாசியம் குளோரேற்றைக் கொண்டு 1788 இல் எசொன் என்னுமிடத்தில் வெடிமருந்து செய்து பார்த்தபோது அது வெடித்து இருவர் மாண்டனர். அங்கு சென்றிருந்த இவரும் லவோசியேயும் தப்பினர்.

1798 இல் நெப்போலியனுடன் எகிப்து சென்றார். அங்கே உப்பேரிக் கரைகளில் சோடியம் காபனேற்று படிந்திருந்தது. ஆய்வுகூடத்தில் நடக்கும் தாக்கம் இங்கு எதிர்த்திசையில் நடந்திருப்பதை உணர்ந்தார். பதார்த்தங்களின் அளவு மாறினால் தாக்கம் திரும்பலாம் என 1803 இல் நூலாக எழுதினார். இதுவே இவரது மிகப் பெரிய பணி என்பது என் கருத்து.

இனித் தடாகத்துக்கு வருவோம். வீட்டுத் திரவத்தில் ஐப்போகுளோரைற்று பொதுவாக ஏறத்தாழ 5 சதவீதம். தடாகத் திரவத்தில் 10 முதல் 12 சதவீதம். ஆகவே முன்னையதில் இரு மடங்கோ சற்றுக் கூடவோ ஊற்ற வேண்டும். வாசனை சேர்த்த வகை தடாகத்துக்கு ஆகாது. வெயிலில் வைத்தால் இரண்டுமே வலுவிழக்கும். இவற்றுடன் அமிலத்தைக் கலந்தால் தாக்கம் எதிர்த்திசையில் திரும்பி, காரத்தில் அடங்கியிருந்த குளோரீன் வாயு மீண்டும் வெளியேறும். மூடிய குளியலறையில் அது உயிரையே பறிக்கலாம்.

பேர்த்தொலே 1822 இல் பரிசுக்கு அருகிலுள்ள ஆர்க்கேயில் காலமானார்.