பிரான்சிஸ் டேவிஸ்

பிரான்சிஸ் ரைட் டேவிஸ் (1887 – 1978) ஓர் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் ஆவார். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பவர் ஸ்டியரிங்கைத் தானுந்துகளுக்குப் பொருந்தும் வடிவில் உருவாக்கியவர் இவர். 1926 இல் ஓடும் வண்டியிலேயே இயக்கிக் காட்டப்பட்ட இக்கருவி, பொதுமக்கள் வாங்கும் தானுந்தில் இடம்பெற 1951 வரை காத்திருந்தது.

இளமையும் பணியும்

டேவிஸ் பிலடெல்பியா நகரின் ஜெர்மன்டவுன் பகுதியில் பிறந்தார். 1910 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று, பஃபலோ நகரின் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் சேர்ந்து, அதன் சுமையுந்துப் பிரிவின் தலைமைப் பொறியாளரானார். சரக்கு ஏற்றிய வண்டியைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டை அவர் அங்கு நன்கு அறிந்தார். 1922 அளவில் நல்ல ஊதியம் தந்த அப்பணியை விட்டு விலகி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்தம் ஊரில் ஒரு சிறு பட்டறையை வாடகைக்கு எடுத்தார். ஜார்ஜ் ஜெசப் என்னும் தேர்ந்த கருவி வினைஞர் அவருக்குத் துணை நின்றார்.

கண்டுபிடிப்பு

திருப்புவதற்கு விசை உதவி தரும் எண்ணம் புதியதன்று. 1900 இலேயே ராபர்ட் டுவைஃபோர்டு என்பவர் இதற்கு ஒரு காப்புரிமை பெற்றிருந்தார். எண்ணெயை எந்நேரமும் உயர் அழுத்தத்தில் தேக்கி வைத்திருந்தால், அது கசிய வழி தேடும். டேவிஸ் இதைத் தலைகீழாக மாற்றினார். வண்டி நேராகச் செல்லும்போது கட்டுப்பாட்டு வால்வு திறந்தே இருக்கும். பம்ப் தள்ளும் எண்ணெய் குறைந்த அழுத்தத்தில் சும்மா சுற்றி வரும். ஓட்டுநர் திருப்பத் தொடங்கியதும் வால்வு எண்ணெயின் வழியைக் குறுக்கும். அழுத்தம் உயர்ந்து பிஸ்டனைத் தள்ளும். சக்கரத்துக்கும் ஓட்டுநரின் கைக்கும் இடையிலான இரும்புத் தொடர்பு அறுபடுவதில்லை. ஆகவே எண்ணெய் முழுவதும் வடிந்து போனாலும் வண்டியைத் திருப்ப முடியும், கைதான் வலிக்கும்.

நீண்ட காத்திருப்பு

பியர்ஸ்-ஆரோ வண்டி ஒன்றில் இதைப் பொருத்தி 1926 இல் டெட்ராய்ட் நகருக்கு ஓட்டிச் சென்று காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஒப்பந்தம் செய்தது. ஆனால் பெரும் பொருளாதார மந்தம் குறுக்கிட்டது. செலவுக்கேற்ற விற்பனை இராது என்று கருதி 1934 இல் அந்நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. 1936 இல் பெண்டிக்ஸ் நிறுவனத்துடன் புதிய ஒப்பந்தம் ஏற்பட்டது. இரண்டாம் உலகப் போர்தான் இக்கருவிக்கு வாழ்வு தந்தது. கனமான கவச ஊர்திகளில் இது பெருமளவில் பொருத்தப்பட்டது. 1951 இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் இம்பீரியல் தானுந்தில் இதை அறிமுகப்படுத்தியபோது, காலாவதியாகிவிட்ட டேவிஸின் காப்புரிமைகளையே அடிப்படையாகக் கொண்டது. கண்டுபிடித்தவருக்கு அதில் பங்கில்லை. எனினும் போட்டியில் பின்தங்க விரும்பாத ஜெனரல் மோட்டார்ஸ் மீண்டும் அவரை நாடியது என்பது குறிப்பிடத்தக்கது. டேவிஸ் தம் தொண்ணூறாம் அகவையில் 1978 இல் காலமானார்.

பழைய வண்டிகளில் ஸ்டியரிங் இறுகுதல்

டேவிஸின் அமைப்பு இன்றும் பழைய தானுந்துகளிலும் பேருந்துகளிலும் உழைக்கிறது. அதன் குறையை அறிய மலைச்சாலை நல்ல இடம். தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இத்தகைய வளைவில் வண்டி மெதுவாகச் செல்ல, எஞ்சினும் குறைந்த வேகத்தில் சுற்றும். அதனோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்ட பம்பும் அப்படியே. உதவி மிகுதியாகத் தேவைப்படும் நேரத்தில் பம்ப் மெதுவாக ஓடுகிறது. தேய்ந்த பம்பும் தளர்ந்த பெல்ட்டும் கம்பம், சின்னமனூர் வழியான சமவெளிச் சாலையில் தம்மைக் காட்டிக்கொள்ளாமல் இருந்து, இங்கே வெளிப்படுவது இதனால்தான். முழுமையாகத் திருப்பும்போது கீச்சொலி எழுந்தால் முதலில் பெல்ட்டை ஐயுறலாம்.

எண்ணெய் அளவையும் அதன் நிறத்தையும் முதலில் பார்க்க வேண்டும். நுரைத்த எண்ணெய் உள்ளே காற்று புகுந்ததைக் காட்டும். கருத்த எண்ணெய் மாற்ற வேண்டியது. வண்டிக்கு உரிய வகை எண்ணெயையே ஊற்ற வேண்டும், கைக்குக் கிடைத்ததை அன்று. டயரில் காற்று குறைவாக இருந்தாலும் ஸ்டியரிங் இறுகும். பம்பை மாற்றிய பிறகு இதைக் கண்டுபிடிப்போர் உண்டு. எஞ்சினை நிறுத்தி, ஜாக்கியால் தூக்கிப் பாதுகாப்பாக நிறுத்திய முன்சக்கரங்களைத் திருப்பிப் பார்த்தால் மற்றொன்று தெளிவாகும். தரையில் உராய்வில்லாத அந்நிலையிலும் ஓரிடத்தில் பிடித்தால், குறை எண்ணெயில் இல்லை. பால் ஜாயின்ட், ஸ்டியரிங் தண்டின் இணைப்பு ஆகியவற்றில் துரு ஏறியிருக்கலாம். காலையில் இறுகி, சூடேறியதும் இளகினால் சீல்கள் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு.

எரிபொருளை மிச்சப்படுத்த மலையிறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு உருட்டி வரும் வழக்கம் சிலரிடம் உண்டு. அப்போது பம்பும் நின்றுவிடும். பிரேக்குக்கு எஞ்சின் தரும் துணையும் ஓரிரு மிதிகளில் தீர்ந்துபோகும். பவர் ஸ்டியரிங் இல்லாத பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி வண்டிகளில் பழகிய கைகள் இவ்வேறுபாட்டை வளைவின் நடுவில்தான் உணர நேரும்.